கட்டைவிரல் தேர்ந்தெடுத்த சீட்

பைக் சீட் விற்கும் கடையில் பக்கத்துப் பக்கத்து ஆணிகளில் இரண்டு சீட்டுகள் தொங்கின. ஒன்று பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. மற்றது கொஞ்சம் கெட்டி.

வருகிறவர்கள் எல்லாரும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். மெத்து சீட்டில் விரல் புதைந்ததும் முகம் மலரும். கெட்டி சீட்டை அமுக்கியதும் நகர்ந்துவிடுவார்கள்.

பைக்கிலேயே கடலுக்குப் போக ஆசைப்பட்ட அருளப்பனும் அமுக்கிப் பார்த்து மெத்து சீட்டையே வாங்கிப் போனார். கெட்டி சீட் ஆணியில் தொங்கியபடியே அலைகளைக் கனவு கண்டது.

மறுவாரம் மெத்து சீட் நடுவில் பள்ளம் விழுந்து திரும்பி வந்தது.

"கடல் எப்படி இருந்தது?" என்று கெட்டி சீட் கேட்டது.

"எங்கே பார்த்தேன்? டீக்கடைக்கு டீக்கடை இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதியிலேயே திரும்பிவிட்டோம்."

அருளப்பன் கெட்டி சீட்டிடம் வந்து கட்டைவிரலை நீட்டினார். பிறகு விரலை மடக்கிக்கொண்டு, சீட்டை இறக்கி பெஞ்சில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கண்ணை மூடினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"சார், கடை சாத்தணும்" என்றார் கடைக்காரர்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அருளப்பன், கண்ணைத் திறக்காமலே. "இப்பதான் உப்புக்காத்து வருது."