அலை விழுந்த பலகை

"மெஷின்ல இழைச்சதைக் கொண்டாந்து என்கிட்டயே கை வேலைன்னு காட்டுறீங்களே பாஸ், உங்களுக்கு ரொம்பத்தான் துணிச்சல்!"

யேசுரத்தினம் கதவுக்கான மாதிரிப் பலகையை மூக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். 'பாரம்பரியக் கட்டட ஆலோசகர்' என்று அவருடைய விசிட்டிங் கார்டில் தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. பூனாகலையில் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்த ரொஷானி, அவர் தலையாட்டாமல் ஓர் ஆணிகூட அடிக்க விடுவதில்லை.

அந்தப் பக்கத்தில் தச்சர்களை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்; இந்த பாஸின் பெயர் வீரசிங்கம். அந்தப் பலகை அவருக்கு முழுசாக இரண்டு நாள் வேலை.

"சேர், மெஷினு பக்கமே போகலீங்க. இது வெள்ளைக்காரன் காலத்து இழைப்புளி. ஒரே உடம்பு, மாத்தி மாத்திப் போட இருபத்து மூணு அலகு. காடி எடுக்க ஒண்ணு, பூ வரி போட ஒண்ணு. இந்த வரிக்குத் தோதான அலகை மாட்டி, பக்கக் கட்டையை அளந்து நிறுத்தி, ஆழத்துக்குத் திருகாணியை முறுக்கவே அரை நாளு போயிருச்சு. பொறவு பலகையோட அந்தக் கடைசியில ஆரம்பிச்சு, சாண் சாணாப் பின்னுக்கு வந்து..."

"கதை நல்லாத்தான் இருக்கு." யேசுரத்தினம் ரொஷானி பக்கம் திரும்பினார். "தொட்டுப் பாருங்க மேடம். கண்ணாடியாட்டம் வழுக்குது. மனுசன் கை இப்படியா இழைக்கும்? கை வேலைன்னா அலை அலையா இருக்கணும். விரலை வெச்சா செஞ்சவனோட மூச்சுத் தெரியணும்."

ரொஷானி விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சுத் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"பழைய கதவுல அலை ஒண்ணும் இல்லீங்களே சேர்?" என்றார் வீரசிங்கம், மெதுவாக.

"அதுக்கு மேல நூறு வருசத்துப் பெயின்ட் இருக்கு பாஸ். அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு பலகையோட வாங்க. அதுதான் கடைசிச் சான்ஸ்."

பங்களாவுக்கு நாற்பது கதவு செய்யும் ஓர்டர் அது. கிடைத்தால் ஒரு வருசத்துக்குப் பட்டறை ஓடும். கிடைக்காவிட்டால் அதைப் பூட்டிவிட்டு, கொழும்பில் மச்சினன் வைத்திருக்கும் சவப்பெட்டிக் கடைக்குப் போக வேண்டியதுதான். அவனும் ஏற்கெனவே இரண்டு தடவை ரொம்ப அன்பாக அழைத்துவிட்டான்.

வீட்டில் மனைவி பாக்கியலெட்சுமி விளக்குமாறும் கையுமாக நின்றாள்.

"ரெண்டு நாளா வீடு பூராவும் சுருள் சுருளாக் குப்பை. கூட்டி அள்ளுனவ நானு. என்னாங்குறாரு அந்தாளு?"

"ரொம்ப நல்லா இருக்காம். அதனால வேணாங்குறாரு."

"அப்பக் கொஞ்சம் மோசமாச் செஞ்சு குடுத்துட்டு வாங்களேன்! இது ஒரு பெரிய காரியமா?"

"இந்த இழைப்புளிக்கு மோசமாச் செய்ய வராது புள்ள" என்றார் வீரசிங்கம். மறுநாள் காலையில், கக்கத்தில் ஒரு பலகையோடு பதுளை பஸ்ஸில் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை பங்களா வராந்தாவில் யேசுரத்தினம் புதிய பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். சாமியாடுகிறவர் மாதிரி உடம்பு லேசாக ஆடியது.

"ஆஹா! இதோ அலை! இதோ மூச்சு!"

சமையல்காரரைக் கூப்பிட்டுத் தடவச் சொன்னார். தோட்டக்காரரைக் கூப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுத் தடவச் சொன்னார். இருவரும் தடவி, மூச்சு நன்றாகவே தெரிவதாக ஒப்புக்கொண்டார்கள்.

"எந்த மெஷினாலயும் இந்த அலையைக் கொண்டுவர முடியாது மேடம். எழுதியே தர்றேன்." எழுதியும் கொடுத்தார். கீழே முத்திரை வேறு.

ரொஷானி அங்கேயே நாற்பது கதவுக்கும் ஓர்டர் எழுதி நீட்டினாள். அதற்குள் யேசுரத்தினத்துக்கு இன்னொரு யோசனை உதித்தது. "மேடம், அந்த இழைப்புளியை வாங்கி ஒரு கண்ணாடிப் பெட்டியில வெப்போம். வரவேற்பறையில, நல்லா லைட் அடிச்சு. கதவெல்லாம் இதாலதான் செஞ்சதுன்னு வெள்ளைக்காரங்க வந்து பாக்கட்டும்."

'அப்ப நான் எதை வெச்சுங்க இழைக்கிறது?' என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வீரசிங்கம், இழைப்புளிப் பெட்டியைப் பணிவோடு மேசைமேல் வைத்துவிட்டுக் கும்பிடு போட்டார்.

பஸ் பதுளைக்கு வந்து சேரும்வரை அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நேரே ஜௌபரின் மர மில்லுக்குப் போனார். டவுனில் வரி போடும் மெஷின் இருப்பது அங்கே மட்டும்தான்.

"ஜௌபர் நானா, அந்தாளு சுத்த மண்டு! அன்னைக்கு உங்க மெஷின்ல பன்னெண்டே நிமிசத்துல ஓட்டுன பலகைக்குக் கை வேலைன்னு முத்திரை குத்திக் குடுத்துட்டாரு. வேகமாத் தள்ளுனா மெஷினே அலை போடும்னுகூடத் தெரியலை, பெரிய ஆலோசகராம்! நாப்பது கதவையும் இங்கதான் ஓட்டப் போறேன். வெளிய மட்டும் யாருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க."

ஜௌபர் மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு பிளேன்டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"குடிங்க பாஸ். இந்த மெஷின்ல பாதிப் பங்கு யேசுரத்தினம் சேருடையது. நீங்க பலகையோட வர்றதுக்கு மொத நாளே போன் பண்ணிட்டாரு, 'நாளைக்கு ஒரு பாஸ் வருவாரு, வேகமாத் தள்ளி விடுங்க, அலை நல்லா விழணும்'னு."