சீனி புறம்பாக

குசினி மேசையில் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு யோகம் மூன்றாவது ஆளை மடக்கிக்கொண்டிருந்தாள்.

தொலைபேசியில் ஜேசுரட்ணம், அவளுடைய அக்காவின் கணவர். வருகிற ஞாயிறு எங்கள் வீட்டு விருந்துக்குப் பிரியாணிதான் கொண்டுவருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அவருடைய பிரியாணியைத் தட்டில் போட முடியாது. கோப்பையில் வார்த்துக் குடிக்க வேண்டும்.

“பிரியாணி ஆரும் செய்வினம் அத்தான். அப்பளம் சிவக்காமல் பொரிச்சு எடுக்கிறதுக்கு உங்கட கைப்பக்குவம் வேற ஆருக்கும் வராது” என்றாள் யோகம்.

மறுமுனையில், நூறு பொரிக்கவா நூற்றைம்பது பொரிக்கவா என்று மனுசன் கேட்டது எனக்கே கேட்டது. சிரிப்பை மறைக்க நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இது நன்றி சொல்வதற்கான விருந்து. சித்திரையில் யோகத்துக்கு வயிற்றில் ஒப்பரேஷன் நடந்தது. ஆறு கிழமை அவளால் சமைக்க முடியவில்லை. இங்கே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் இருக்கிற உறவுக்காரர் எல்லாரும் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்து எங்களைக் காப்பாற்றினார்கள்.

அவர்களைக் கூப்பிட்டு, நாங்கள் சமைத்துப் போட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். ஆனால் பாரமான சட்டி தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஆளுக்கொரு விருப்பமான சாப்பாட்டைச் சமைத்துக் கொண்டுவரட்டும், ஜெர்மன்காரர் அப்படித்தான் செய்வார்கள் என்று யோசனை சொன்னது எங்கள் ஜெர்மன் மருமகள் யூலியா.

நன்றி சொல்லக் கூப்பிட்டுவிட்டுச் சட்டியோடு வாருங்கள் என்பதா? எனக்கு நினைக்கவே கூச்சமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருந்தது. போன வருடம் மகனின் பிறந்தநாளுக்கு ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியும் ஆறு வீட்டிலிருந்து மீன் கட்லெட் வந்திறங்கியது. நாலு நாள் அதையே சாப்பிட்டோம். மேல்மாடி ஜெர்மன் கிழவனும் எங்களோடு சேர்ந்து சாப்பிட்டான்.

யோகம் எடுத்துக்கொண்ட விதமே வேறு. கொண்டுவாருங்கள் என்று அவள் ஒருவரிடமும் கேட்கவில்லை. உங்களை விட்டால் எனக்கு வேறு கதியில்லை என்கிற மாதிரி ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி கொடுத்தாள்.

என் அக்கா செல்லம் கணவாய்க் கறி என்று தொடங்கினார். அக்காவின் கணவாயைக் கடித்து என் கடைவாய்ப் பல் ஒன்று இன்னும் ஆடுகிறது.

“தேங்காய்ச் சம்பலுக்கு உங்கட கைப்பக்குவம் வேற ஆருக்கும் வராது மச்சாள்.”

அக்காவின் குரல் குளிர்ந்துபோனது.

ஒருவருடைய மனமும் நோகாமல், ஒரு கெட்ட கறியும் வீட்டுக்குள் வராமல், ஒரு காலைப்பொழுதில் காரியத்தை முடித்துவிட்டாள். இப்படியொரு மூளைக்காரியோடு முப்பத்தொரு வருடம் வாழ்ந்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் என் முறைக்காகத்தான் காத்திருந்தேன். நன்றி சொல்கிற வீட்டு அடுப்பில் ஒரு கறியாவது வேக வேண்டாமா? அத்தனை பேரும் ஆறு கிழமை எனக்குப் பசி தெரியாமல் பார்த்தவர்கள். அவர்களுக்கு என் கையால் ஒன்று கொடுக்க வேண்டும்.

ஆட்டிறைச்சிக் கறி. அது என் கறி. ஏனோ சமைக்கத்தான் அதிகம் வாய்த்ததில்லை. துருக்கிக் கடையில் எலும்போடு நாலு கிலோ சொல்லியும் வைத்துவிட்டேன்.

அவள் பேனையை மூடினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

ஆட்டிறைச்சிக்கு நேரே யூலியா என்று எழுதியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடமான பிள்ளை. போன வருடம்வரை கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்தவள்.

“அப்ப நான்?” என்றேன்.

யோகம் என் கையைப் பிடித்தாள்.

“வாறவைக்கு முதல் கையில குடுக்கிறது தேத்தண்ணி எல்லோ. அதுக்கு உங்கட கைப்பக்குவம் வேற ஆருக்கும் வராது.”

நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு நிமிடம்தான். பிறகு உறைத்தது.

கல்யாணமாகி அவள் இங்கே வந்த முதல் கிழமை, நான் அவளுக்கு ஆட்டிறைச்சி சமைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இதே வசனத்தைத்தான் சொன்னாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் தேத்தண்ணி என் பொறுப்பு. இறைச்சி வாங்குகிற நாட்களில் எல்லாம் எனக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பட்டியலில் என் பெயரைத் தேடினேன். தேத்தண்ணிக்கு நேரே இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘சீனி புறம்பாக, கரண்டியும்.’

சீனி வருத்தக்காரர் நாலைந்து பேர் வருகிறார்கள்; தேத்தண்ணியில் போடாமல் தனியாகத்தான் வைக்க வேண்டும். அதையும் நினைத்து வைத்திருக்கிறாளே என்று வியந்தபடி எழும்பிப் போய்த் தண்ணீர் கொதிக்கக் கேத்திலை வைத்தேன்.

எனக்கு எப்போதும் சீனி இல்லை. அவளுக்கு இரண்டு கரண்டி. தேத்தண்ணியை ஊற்றிவிட்டுக் கடைசியாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசித்துக் குடித்தாள்.

யோகம் குடித்த கோப்பையை ஒருவரிடமும் கொடுக்கமாட்டாள். உடனே தானே கழுவிக் கவிழ்ப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கழுவியவள்.

இன்று அவள் எழும்பும்போது மறுபடியும் தொலைபேசி அடித்தது. சம்பலுக்கு எத்தனை தேங்காய் என்று கேட்கச் செல்லம் அக்கா எடுத்திருந்தார்.

கோப்பையை நான் எடுத்துக்கொண்டு போனேன்.

அடியில் சீனி பாதிக்குமேல் கரையாமல் படிந்து கிடந்தது.

இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் என்னிடம் கலக்கக் கரண்டி கேட்டதில்லை.