கழுகு காவல் காத்த திட்டு

ஆலாப் பறவையை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள், நடுவில் கழுகு உட்காரும் கம்பு நிற்கிற மணல்திட்டின் ஒரு முனையில் இறகை விரித்துப் படுத்திருந்தாள்.

"இரை தேடப் போகலையாடி?" என்றேன், ஆமையான நான்.

"போனா நாரை முட்டை வச்சிடுவா, அக்கா. திட்டு யாருக்குன்னு முடிவாகிறவரை காவல் இருந்த கழுகய்யா நேத்துக் கிளம்பிட்டார். இத்தனை வருஷமும் அவளுக்கு முழு மீன், எனக்கு வால்னுதான் கொடுத்தார். போகும்போதாவது, 'திட்டு உனக்குத்தான்'னு சொன்னாரே!"

மறுமுனையில் நாரையும் நகராமல் பட்டினி கிடந்தாள்.

"எனக்கும் அதையேதான் சொன்னார். ஆனா அவகிட்ட மட்டும் சிரிச்சுக்கிட்டே சொன்னார், நான் பார்த்தேன்" என்று பொருமினாள்.

அடுத்த மாதம் போனபோது இரண்டு எலும்புக்கூடுகள் கிடந்தன. நடுவே கழுகின் கம்பு இன்னும் நிற்கிறது.