பாதிப் பொருத்தம்

"இன்னும் ஸ்விட்ச் ஆஃப்தான்!" போனைப் பையில் போட்டுவிட்டு அக்கா பல்லைக் கடித்தாள். "மணி பத்தரை. எங்கே போய்த் தொலைஞ்சான் இந்தக் கடைக்குட்டி?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரிய தம்பி படுத்திருந்தான். ரத்தப் புற்றுநோய், அதிலும் பொல்லாத ரகம். ஆறு நாளாக மருந்து ஏற்றி, அவனுடைய எலும்பு மஜ்ஜையை அடியோடு அழித்தாகிவிட்டது. இன்றைக்குக் கடைக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல் அவனுக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் பிழைக்க வழியில்லை.

"வந்துடுவார்க்கா," என்றாள் பெரிய தம்பியின் மனைவி.

"எங்கே வர்றது? சின்ன வயசுல ஊசின்னா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவன். செல் ஊறணும்னு நாலு நாள் ஊசி போட்டதுக்கே, எலும்பெல்லாம் வலிக்குதுன்னு முனகினான். பயந்து ஓடிட்டான்!"

"அப்படிச் சொல்லாதடி," என்றாள் அம்மா.

"பின்னே எப்படிச் சொல்றது? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. இவனுக்கு ஒண்ணுமே ஆடலையே! எனக்குப் பொருந்தியிருந்தா இவனை நம்பி நிப்பேனா? முதல் ஆளாப் போய்ப் படுத்திருப்பேன்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன் மனசு யாருக்குடி வரும்?"

சத்தம் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "யாரைத் தேடறீங்க?"

"செல் கொடுக்க வேண்டிய மகராசனைத்தான்!"

"அவரா? காலையில ஏழு மணிக்கே வந்துட்டாரே! செல் எடுக்கிறது இங்கே இல்லைங்க, கீழே ரத்த வங்கியில. ரெண்டு கையிலயும் ஊசி ஏத்தியிருக்கு. போனை அணைச்சு எங்ககிட்டதான் கொடுத்திருக்கார்."

அக்காவுக்கு முகம் செத்துப்போனது. லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினாள்.

கடைக்குட்டி கையை அசைக்காமல் மெஷின் பக்கத்தில் படுத்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம்தான்க்கா. பாதிப் பொருத்தம்கிறதால ஆபத்து கொஞ்சம் ஜாஸ்தின்னு டாக்டர் சொல்றார். ஆனாலும் பார்த்துடலாம்னுட்டார்."

"மன்னிச்சுடுடா. மேலே உன்னை என்னென்னவோ பேசிட்டேன்."

"நீ பேசாம இருந்தாத்தான் அதிசயம்." அவன் சிரித்தான். அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. அவன் சட்டென்று குரலைத் தணித்தான்.

"கண்ணைத் துடைச்சுக்கோ. நீ பயந்தது ஒண்ணும் தப்பில்லக்கா. நம்ம ரெண்டு பேர் ரிப்போர்ட்டையும் வாங்கிட்டு வந்தது நான்தானே? உனக்கு முழுசாப் பொருந்தினதை அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்."