கௌதாரி கடைசியாகக் கொடுத்த சொல்

அந்தக் குன்றில் கௌதாரி பாஷை பேச இரண்டு பேர்தான் மிச்சம்: ஒரு கௌதாரியும் அவள் புருஷனும். பாஷை அழிந்துவிடக் கூடாதென்று யாரோ ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றை வேலமரத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். கேட்ட சொல்லைப் பெட்டி மறக்காது. யார் வந்து கேட்டாலும் திருப்பிச் சொல்லும்.

கௌதாரி எல்லாச் சொல்லையும் கொடுத்தாள், ஒன்றைத் தவிர.

"அது காட்டுத்தீக்கான சொல். பாம்பு வந்தாக்கூட நாங்க முட்டைகிட்ட நின்னு கொத்துவோம். அந்தச் சொல் காதில விழுந்தா மட்டும் யோசிக்கவே முடியாது, கால் தானா ஓடிடும். சும்மா சொல்லக் கூடாது."

"நாளைக்கு நீங்க இல்லேன்னா அதுவும் போயிடுமே" என்றது பெட்டி.

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. புருஷன் காதுக்கு எட்டாத தூரத்தில் மேயும்போது மெல்லச் சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, மரத்தடிப் புதரில் அவள் அடைகாத்துக்கொண்டிருந்தபோது பெட்டி சந்தோஷமாகக் கூப்பிட்டது.

"உங்க பாஷையைக் கத்துக்க ஒருத்தர் வந்திருக்கார். ரொம்ப மரியாதையான ஆள். ஆனா அந்த ஒரு சொல் மட்டும் போதும்ங்கிறார்."

"யாரு அது?"

"எனக்குக் கண்ணு இல்லையே. காலடிச் சத்தமும் கேட்கலை."

கௌதாரியின் இறகெல்லாம் சிலிர்த்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அவளுடைய குரலிலேயே பெட்டி அந்தச் சொல்லைச் சொன்னது.

புகை வாடையே இல்லை. ஆனாலும் அவள் கால்கள் ஓடத் தொடங்கின.