ஒளி புகாத பெட்டி

நான்காவது திருகும் கழன்றதும் அவள் பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.

இயற்பியல் இறுதியாண்டு. ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறே நாள். தலைப்பு, ஒளியின் வேகத்தை அளத்தல். இரண்டு மாதமாக அந்தக் கருவியின் திரையில் வந்ததோ வெறும் பூச்சியம்.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் மூன்று முறை முறையிட்டாயிற்று. மூன்று முறையும் அவர் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

அலமாரியில் ஒன்பது வருடத்து சீனியர்களின் ஒன்பது ஆய்வேடுகள். எல்லாம் இதே கருவியில் செய்தவை. அத்தனையிலும் பாடநூல் எண் அச்சுப் பிசகாமல் வந்திருந்தது.

அவளுக்குத் தன் மூளைமேலேயே சந்தேகம் தட்டிவிட்டது. படிப்பை விட்டுவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்கும் அளவுக்கு.

இப்போது பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். ஒளி வந்து விழவேண்டிய சென்சாரின்மேல் ஒரு கறுப்பு ஸ்டிக்கர். 'பயன்படுத்தும் முன் அகற்றவும்' என்று அம்புக்குறி போட்டு அச்சடித்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டே ஒன்பது வருடமாக ஒளியை அளந்து தள்ளியிருக்கிறது மகராசிக் கருவி!

ஓரத்து டேப்போடு சேர்த்து நகத்தால் உரித்தாள். சுவிட்சைப் போட்டாள்.

முதன்முதலாகத் திரையில் ஓர் எண். பாடநூல் எண்ணைவிட எட்டு சதவீதம் குறைச்சல்தான். ஆனாலும் நிஜமாக அளந்த எண். அதை நோட்டில் எழுதினாள்.

"சார், இங்க வந்து பாருங்க சார்!"

பேராசிரியர் வந்தார். திறந்த பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் வெளிறும் என்று அவள் காத்திருந்தாள்.

வெளிறவில்லை. போய்க் கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டேப் சுருளை எடுத்தார். முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

"வருஷத்துக்கு ஒருத்தர் இதை உரிச்சிடறீங்க" என்று அலுத்துக்கொண்டார். "உரிச்சா தப்புத் தப்பா காட்டுதும்மா."

ஸ்டிக்கரை அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். டேப்பை இழுத்தார். ஒற்றைக் கையால் கிழிக்க வரவில்லை. அதன் முனையை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் நோட்டிலிருந்த எண்ணைப் பார்த்தாள். சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

பிறகு, சுருக்கம் விழாதபடி, முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.