உடைந்த சாவி

சாவியை உடைத்தது ஆலோசகர் மாசிலாமணியேதான். அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று பூட்டியவர், ஆர்வக்கோளாறில் அழுத்தித் திருகிவிட்டார். பாதி சாவி பூட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. எதிரே சுகந்தி. சாகலாம்போல் இருக்கிறது என்று ஒருமுறை தங்கையிடம் சொன்னதற்காக இங்கே அனுப்பப்பட்டவள். படித்த முறைகளையெல்லாம் அவளிடம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. குறுக்கிடாமல் கேட்கும் முறையில் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை. சொன்னதையே திருப்பிச் சொல்லும் முறையில் அவளும் "ம்", இவரும் "ம்" என்று ஒரு மணி நேரம் போனது. அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவே இல்லை. பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

அவர் போனில் அழைத்திருந்த பூட்டுக்காரர் வெளியே வந்து தட்ட ஆரம்பித்தார்.

"ஏன் சார் இப்படி வேர்க்குது?" என்று கேட்டாள் சுகந்தி.

"பயமா இருக்கும்மா."

"கதவு தொறக்காதுன்னா?"

"தொறந்துடும்னு. நீங்க போயிடுவீங்கன்னு." கையிலிருந்த சாவித்துண்டை மேசைமேல் வைத்தார். எந்த முறையும் ஞாபகத்துக்கு வரவில்லை. "சுகந்தி, வீட்டுக்குப் போய் உயிர விட்டுடணும்னு இருக்கீங்களா?"

அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா சார். இன்னைக்குன்னுதான் இருந்தேன்" என்றாள். "அவர மெதுவாவே தொறக்கச் சொல்லுங்க."